டெஸ்ட் பேஷண்ட்

"மேடம், கோவிச்சுக்காதீங்க. நான் இப்ப கிருஷ்ணன்கோவில்ல நிக்கேன்."

போனில் இதைக் கேட்டதும் சத்யப்பிரியா ஆஸ்பத்திரி ஹாலில் பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"கிருஷ்ணன்கோவில்லயா? ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கணும்னுதானே சொன்னேன் ஜெயபாண்டி?"

"எறங்கத்தான் மேடம் நெனச்சேன். ராஜபாளையத்துல மதுரை பஸ் ஏறி உக்காந்தேன். நோயாளி எப்படிச் சாஞ்சு கெடப்பான்னு செத்த நேரம் நடிச்சுப் பாப்பமேன்னு சாஞ்சேன். நல்லா வந்துச்சு. அப்படியே தூங்கிட்டேன்."

"சரி, ஒரு ஷேர் ஆட்டோ பிடிச்சுத் திரும்பி வாங்க. சீக்கிரம்."

"இந்தா வாரேன். போனை அமத்திப் போட்டுருதேன். பாத்திரத்தை விட்டு வெளிய வரக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"வேண்டாம், போன் இருக்கட்டும்..." என்பதற்குள் அது அணைந்துவிட்டது.

சத்யப்பிரியா உளவியல் சிகிச்சையாளர். ராஜபாளையத்தில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல் மாடியில், மனதில் அடிபட்டு வருகிறவர்களை உட்கார வைத்துப் பேசுவது பதினான்கு வருடமாக அவள் வேலை. ஆறு வாரமாக புதன்கிழமைதோறும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்து ஊழியர்களுக்கு வகுப்பெடுக்கிறாள். 'மனக்காயம் அறிந்த கனிவான சிகிச்சை' என்று பேனர் கட்டியிருந்தார்கள். ஊழியர்கள் அதைச் சுருக்கி 'கனிவு க்ளாஸ்' என்றார்கள்.

பாடம் ஒன்றும் பெரிய விஷயமில்லை. நோயாளியைத் தொடும் முன் கேட்க வேண்டும். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும். "ஒனக்கு என்னய்யா கோளாறு?" என்பதற்குப் பதில் "உங்களுக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்க வேண்டும். கத்துகிறவரைத் திமிர் பிடித்தவர் என்று முடிவுகட்டாமல், பயந்திருக்கிறாரோ என்று யோசிக்க வேண்டும். வகுப்பில் எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல் வகுப்பறைக் கதவைத் தாண்டி வெளியே வருகிறதா என்பதுதான் சத்யப்பிரியாவுக்குச் சந்தேகம்.

அதனால்தான் இரண்டாவது வாரமே அறிவித்துவிட்டாள். "ஒருநாள் டெஸ்ட் பேஷண்ட் ஒருத்தர் வருவார். யாரு, என்னைக்குன்னு சொல்ல மாட்டேன்."

அந்த நாள் இன்றுதான். அது தெரிந்த இன்னொருவர் தலைமை டாக்டர் ஹயக்ரீவன் மட்டும். நடிக்க ஒப்புக்கொண்ட ஜெயபாண்டி சோழபுரத்து இன்சூரன்ஸ் ஏஜெண்ட். திருவிழா நாடகங்களில் ராஜா வேடம் கட்டுகிறவர். ஆஸ்பத்திரி என்றாலே மிரளும் ஆளாகப் பத்து மணிக்கு வந்து கத்த வேண்டும் என்பது ஏற்பாடு.

பத்து மணிக்குச் சரியாக ஒருவர் வந்து கத்தினார்.

"எவனும் கிட்ட வராதீக! வந்தா ஓடிருவேன்!"

ஐம்பத்தைந்து வயதிருக்கும். இடது கையில் காவித் துண்டைச் சுருட்டிக் கட்டியிருந்தார். சட்டை முழுக்க முள் கிழித்த தடம். இளம்பெண் ஒருத்தி அவருடைய மற்ற கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, உள்ள வாங்கப்பா, ஒண்ணும் செய்ய மாட்டாவ" என்று கெஞ்சினாள். அவர் உடம்பு முன்னால் வந்தது. கால்கள் மட்டும் வாசலை நோக்கித் திரும்பியே நின்றன.

மதிப்பெண் தாளோடு தூணுக்குப் பின்னால் நின்ற சத்யப்பிரியாவுக்கு அந்தக் கால்களைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. நிஜமான பயம்.

மூத்த செவிலியர் கிருபாபாய் எழுந்தாள். இருபது வருட அனுபவம். அவள் குரல் கேட்டால் குளுக்கோஸ் பாட்டில்கூட வேகமாக இறங்கும் என்று ஆஸ்பத்திரியில் பேச்சு. சத்யப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வணக்கம் அண்ணாச்சி. எம் பேரு கிருபாபாய். இங்க நர்ஸா இருக்கேன். உங்களுக்குச் செத்த தள்ளி நான் உக்காரலாமா?"

சத்யப்பிரியா கண்ணைத் திறந்தாள்.

கிருபாபாய் கையைக் கட்டாமல், வாசலை மறைக்காமல், நாலடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "வாசல் தொறந்தேதான் இருக்கும். எப்ப வேணும்னாலும் நீங்க போகலாம். காத்தாடி போடவா, வேண்டாமா?"

அவர் கத்துவதை நிறுத்திவிட்டு விழித்தார். "போடு... போடுங்க."

வார்டு பணியாளர் ஒருவர் ஓடிப்போய்க் காத்தாடி சுவிட்சைப் போட்டார். இன்னொருவர் தண்ணீர் கொண்டுவந்து, "ஐயா, இது தண்ணி. இதை இங்க வைக்கப் போறேன்" என்று விளக்கிவிட்டு வைத்தார். ஆறு வாரம் வீண் போகவில்லை. சத்யப்பிரியா ஒவ்வொரு கட்டத்திலும் பத்துக்குப் பத்து போட்டுக்கொண்டே வந்தாள்.

வரவேற்பில் இருக்கும் யோகேஸ்வரி அவள் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள்.

"மேடம், ஆளு சூப்பரு. எங்க புடிச்சீங்க? ரத்தம் கூட நெசம் மாதிரியே இருக்கு!"

பேனா நின்றது. "என்னது?"

"மறைக்காதீங்க மேடம். வாட்ச்மேன் லிங்கேஸ்வரன் அண்ணாச்சி சொல்லிட்டாரு. இன்னைக்குக் கண்டிப்பா துண்டு கட்டினவருதான் டெஸ்ட் பேஷண்ட்டுன்னு. எல்லாருக்கும் தெரியும்."

சத்யப்பிரியா தரையைப் பார்த்தாள். துண்டிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் வைத்த பணியாளர் குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்து, கிருபாபாயிடம் பாராட்டும் விதமாகத் தலையசைத்தார். கிருபாபாயும் அவசரமே இல்லாமல், "உங்களுக்கு எந்த ஊரு அண்ணாச்சி? செண்பகத்தோப்பா? அங்க இப்ப மாங்கா எப்படி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் கனிவாக இருந்தார்கள். காயத்தைப் பார்க்க மட்டும் ஒருவரும் இல்லை.

சத்தம் போட்டு உண்மையைச் சொன்னால் மனிதர் மிரண்டு ஓடிவிடுவார். சத்யப்பிரியா மெதுவாக நடந்துபோய்க் கிருபாபாயின் காதருகே குனிந்தாள்.

"சிஸ்டர், இவர் நடிகர் இல்ல. நெசமான நோயாளி. கையைப் பாருங்க."

கிருபாபாய் கண் சிமிட்டினாள். "அப்படியே ஆகட்டும் மேடம்."

"நான் விளையாட்டுக்குச் சொல்லல."

"தெரியுது மேடம். நெச நோயாளின்னே நெனச்சுத்தான் பாக்கேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதான?" என்று சொல்லிவிட்டு, மாங்காய்க்கே திரும்பினாள்.

வேறு வழியில்லை. டாக்டர்தான் சொல்ல வேண்டும். சத்யப்பிரியா மாடிக்குப் போன் செய்ததும் டாக்டர் ஹயக்ரீவன் படியிறங்கி வந்தார். நெற்றியில் சிவந்த ஸ்ரீசூர்ணக் கோடு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். சாந்தமான மனிதர்; ரகசியம் பேசத்தான் வராது.

"என்ன மேடம், நம்ம ஆக்டர் வந்தாச்சா?" என்று அவர் மெதுவாகக் கேட்டது, மருந்துக்கடை வரிசை வரை கேட்டது.

யோகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார், இவர் ஆக்டர் இல்ல. நம்ம ஆளு கிருஷ்ணன்கோவில்ல இருக்கார். இவருக்கு நெசமாவே ரத்தம் போகுது. நீங்க சொன்னாத்தான் நம்புவாங்க."

டாக்டர் அவளையும் பார்த்தார், அவள் கையிலிருந்த மதிப்பெண் தாளையும் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு புன்னகை விரிந்தது. "ஓ! சரி, சரி. புரியறது."

தொண்டையைச் செருமினார். பள்ளி ஆண்டுவிழாவில் பேசுகிறவர் போல நிமிர்ந்து நின்றார். "எல்லாரும் கவனியுங்கோ! இவர் நடிகர் அல்ல! உண்மையான நோயாளி! எல்லாரும் ஜாக்கிரதையாப் பார்த்துக்கணும்!"

மருந்து எடுத்துக் கொடுக்கும் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் அலமாரிக்குப் பின்னால் போய்விட்டாள். "டாக்டரும் நல்லாத்தான் நடிக்காரு" என்றார் பணியாளர்.

சத்யப்பிரியா மூச்சை ஆழமாக உள்ளே இழுத்து, நாலு எண்ணி, வெளியே விட்டாள். தன்னிடம் வருகிறவர்களுக்கு அவள் தினமும் சொல்லிக்கொடுப்பதுதான். அன்றைக்கு அது வேலை செய்யவில்லை. இரண்டாம் முறை இழுக்கும்போது வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது.

"ஐயோ! என்னைக் கொல்லப் பாக்காகளே! தொடாதீக! யாரும் தொடாதீக!"

ஜெயபாண்டி பாத்திரத்தோடு வந்திருந்தார். தலையில் கட்டு, கட்டில் குங்குமக் கரைசல், குரலில் தோற்றுப்போன ராஜாவின் அவலம். சத்யப்பிரியா இரண்டு கைகளையும் ஆட்டி, நிறுத்துங்கள் என்று சைகை காட்டினாள். அவருக்கு அது இன்னும் சத்தமாக என்று புரிந்தது. அப்படியே தரையில் விழுந்து புரண்டார்.

டெஸ்ட் பேஷண்ட் ஒருவர்தான். அவர்தான் காத்தாடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாரே. ஆகவே இவர் நிஜம் என்று ஆஸ்பத்திரி முடிவு செய்தது.

"யோவ், எந்திரி! இது என்ன சந்தையா?" என்றார், சற்று முன் தண்ணீரை அறிமுகம் செய்துவைத்த அதே பணியாளர்.

"வரிசையில வாங்கய்யா! டோக்கன் போட்டாச்சா?" என்றாள் யோகேஸ்வரி.

இரண்டு பேர் ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். சத்யப்பிரியா ஓடினாள். "விடுங்க அவரை! இவர்தான் நடிகர்!"

யோகேஸ்வரிக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "மேடம், அவரை நெசம்னு சொல்லுதீங்க, இவரை நடிகருங்கீங்க. எங்களை எம்புட்டுத்தான் கொழப்புவீங்க? பச்சப் புள்ளைக கூட இந்த டெஸ்ட்டுல பெயிலாவாது."

"மேடம் சொல்லுதது நெசம்! நான் நடிகன்! நான் ராஜபார்ட்டு!" என்று அலறினார் ஜெயபாண்டி.

"தலையில பலமா அடிபட்டிருக்கு. ராஜாங்காரு" என்று ஒருவர் சொல்ல, இருவருமாக அவரைக் கட்டுப்போடும் அறைக்குள் கொண்டுபோனார்கள். கதவு மூடியது. "டி.டி. ஊசி போடு முதல்ல. அசையாதய்யா, அசையாதேங்கேன்ல!" என்ற குரலும், அதையடுத்து ஒரு நீண்ட "ஆ"வும் கேட்டன. அவர் அன்று செய்த நடிப்பில் சேராத "ஆ" அது.

சத்யப்பிரியா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அத்தனையும் பத்துக்குப் பத்து. இவர்கள் கற்றுக்கொண்டது கனிவை அல்ல, பரீட்சை எழுதத்தான். நடிகர் என்றால் காத்தாடி, நோயாளி என்றால் அதட்டல். ஆறு வாரம் பஸ் ஏறி வந்து இதைத்தான் சொல்லிக்கொடுத்தோமா? தாளை மடித்துப் பைக்குள் திணித்தாள்.

அப்போது காத்தாடிக்குக் கீழே இருந்த மனிதர் பேச ஆரம்பித்தார்.

"எம் பேரு சமுத்திரம். காலையில வேலிக்கு முள்ளு வெட்டுனேன். அருவா நழுவிருச்சு" என்றார். "ஒம்பது வருசமா நான் எந்த ஆஸ்பத்திரிக்குள்ளயும் காலெடுத்து வைக்கலம்மா."

"என்ன நடந்துச்சு அண்ணாச்சி?" என்றாள் கிருபாபாய். பாடத்தில் உள்ள அதே கேள்வி.

"எம் பொஞ்சாதிக்கு நெஞ்சு வலின்னு வெளியூருல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அவ எங் கையப் புடிச்சிருந்தா. அதைப் பிரிச்சுவிட்டு, 'தள்ளி நில்லுய்யா'ன்னு கதவச் சாத்திட்டாவ. உள்ள என்ன நடக்குதுன்னு ஒருத்தரும் சொல்லல. நான் கதவத் தட்டுனேன். சத்தம் போட்டா வெளிய தள்ளிருவோம்னாவ. பொறவு கதவு தொறந்தப்ப..." மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கிருபாபாய் இப்போது மாங்காயைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் பார்வை முதன்முறையாக அந்தத் துண்டுக்குப் போனது.

"அண்ணாச்சி, கட்டைப் பிரிச்சுப் பாக்கலாமா? வலிச்சா நிறுத்துங்கன்னு சொல்லுங்க, நிறுத்திருவேன்."

சமுத்திரம் கையை நீட்டினார்.

துண்டு பிரிந்தது. கட்டை விரலடியிலிருந்து மணிக்கட்டு வரை ஆழமாகப் பிளந்திருந்தது. எந்தச் சாயத்தாலும் அப்படிச் செய்ய முடியாது. கிருபாபாயின் முகத்தில் நிறம் மாறியது. தலையை நிமிர்த்தி சத்யப்பிரியாவைப் பார்த்தாள். சத்யப்பிரியா மெதுவாகத் தலையசைத்தாள்.

அங்கிருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்த சிரிப்பு நின்றது. டாக்டர் ஹயக்ரீவன் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேகமாக வந்தார். இனி என்ன நடக்கும் என்று சத்யப்பிரியாவுக்குத் தெரியும். பரீட்சை முடிந்துவிட்டது. 'எந்திரிய்யா, உள்ள போ' என்று ஒரு குரல் போதும். மனிதர் வாசலைத் தாண்டியிருப்பார்.

"அண்ணாச்சி, இது ஆழமான காயம்" என்றாள் கிருபாபாய். குரல் உயரவில்லை. "தையல் போடணும். முன்னாடி மரத்துப்போக ஒரு ஊசி. அது மட்டும் எறும்பு கடிச்சாப்புல இருக்கும். இவியதான் எங்க டாக்டர். உங்க மக கூடவே இருக்கட்டும். கதவைச் சாத்த மாட்டோம். சரிங்களா?"

டாக்டரும் ஆண்டுவிழாக் குரலை விட்டுவிட்டார். "நான் ஒவ்வொண்ணாச் சொல்லிண்டே செய்யறேன். நீங்க போதும்னா நிறுத்திடறேன். என்ன?"

சமுத்திரம் வாசலைப் பார்த்தார். அது திறந்தே இருந்தது. மகளைப் பார்த்தார். பிறகு எழுந்து, தன் காலாலேயே தையல் போடும் அறைக்குள் நடந்தார்.

பதினோரு தையல். ஒவ்வொன்றுக்கும் டாக்டர் எண்ணிக்கை சொன்னார். ஏழாவதில் சமுத்திரம் "செத்த நிறுத்துங்க" என்றார். டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். அரை நிமிடம் கழித்து, "ம், போடுங்க" என்று அவரே சொன்னார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சத்யப்பிரியாவுக்கு அப்போதுதான் அந்த நாலு எண்ணிவிடும் மூச்சு சரியாக வந்தது.

கட்டுப் போட்டு வெளியே வந்தவர் கிருபாபாயிடம், "கட்டு மாத்த வெள்ளிக்கெழம வரணுமா? நானே வந்துருதேன். மகளுக்கு வேலை கெடும்" என்றார். மகள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். நிம்மதியில் வந்த அழுகை. அதற்கு யாரும் காத்தாடி போடவில்லை.

கிருபாபாய் கை கழுவிக்கொண்டே சொன்னாள். "மேடம், நடிகருன்னு நெனச்சுத்தான் ஆரம்பிச்சேன். பொய் சொல்லல. துண்டைப் பிரிச்ச பொறவு நடிக்கத் தோணல."

"அது எனக்குத் தெரிஞ்சது சிஸ்டர்."

"எனக்கு மார்க்கு எம்புட்டு?"

"அந்தத் தாளை எங்கயோ தொலைச்சுட்டேன்" என்றாள் சத்யப்பிரியா.

அப்போதுதான் எல்லாருக்கும் ஜெயபாண்டியின் ஞாபகம் வந்தது. கட்டுப்போடும் அறையைத் திறந்தார்கள். ஒரு கையில் குளுக்கோஸ் ஏற, மற்றக் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அவர் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். குங்குமக் கரைசலை யாரோ துடைத்துச் சுத்தமாகக் கட்டுப் போட்டிருந்தார்கள். காயமில்லாத தலைக்கு அவ்வளவு நேர்த்தியான கட்டு அந்த ஆஸ்பத்திரியில் அதுவரை போட்டதில்லை.

அவரைத் தூக்கிவந்த பணியாளர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கட்டிலருகே நின்றார். "ஐயா, மன்னிச்சிருங்க. உங்களுக்கு... என்ன நடந்துச்சு?"

"என்ன நடந்துச்சா? நீங்க ரெண்டு பேரும் தூக்கிட்டு வந்ததுதான்யா நடந்துச்சு!" என்றார் ஜெயபாண்டி. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணு சொல்லுதேன் மேடம். இருபது வருசமா நடிக்கேன். நெச ராஜான்னு என்னை நம்புனது இவுக மட்டுந்தான்."

மத்தியான வெயிலில் சத்யப்பிரியா கிளம்பினாள். அடுத்த ஆறு வாரத்துக்கும் வரச் சொல்லி டாக்டர் கேட்டிருந்தார். இந்த முறை முதல் வகுப்பே ஜெயபாண்டியைப் பிடித்த இரண்டு கைகளைப் பற்றித்தான் என்று அவளும் முடிவு செய்திருந்தாள். மனது லேசாக இருந்தது. ஒரே ஒரு விஷயம் மட்டும் மீதி இருந்தது.

கேட்டருகே வாட்ச்மேன் லிங்கேஸ்வரன் ஸ்டூலில் உட்கார்ந்து தினசரியை விசிறியாக்கி விசிறிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் மனிதர். கனிவு க்ளாஸில் கடைசி வரிசையில் உட்காருவார். ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

"அண்ணாச்சி, நல்லபடியா முடிஞ்சுது, அதனால கோவமா கேக்கல. துண்டு கட்டினவர்தான் டெஸ்ட் பேஷண்ட்னு உள்ள சொன்னீங்களாமே. யாரோ எவரோன்னு தெரியாம இப்படித் தப்பான ஆளைக் காட்டலாமா?"

லிங்கேஸ்வரன் எழுந்து நின்று அவளுக்காகக் கேட்டைத் திறந்துவிட்டார்.

"தெரியாம என்ன மேடம்? அரை மணி நேரமா இந்தக் கேட்டப் புடிச்சுக்கிட்டு நடுங்கிக்கிட்டிருந்த மனுசன். நெச நோயாளிகள்ல ரொம்பப் பயந்தவுகளாப் பாத்து, ஒரு மாசமா தெனமும் ஒருத்தரை 'இவருதான் நடிகரு'ன்னு சொல்லித்தான உள்ள அனுப்புதேன்!"